ஹிட்லரின் உல்லாசக் கப்பல்: பயணிகள் என்ன சொன்னார்கள்?

கப்பல் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு டைட்டானிக்தான் ஞாபகத்துக்கு வரும். படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் டைட்டானிக்கில் இறந்தவர்களைப் போல ஆறு மடங்கு மக்கள் ஒரே இரவில் இறந்துபோன இன்னொரு கப்பல் உண்டு. அதன் பெயர் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப். ஜெர்மனியில் கட்டப்பட்ட கப்பல். அது மூழ்கிய கதையை ஆவணப் படங்களிலும் நாவல்களிலும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. 1938 மார்ச் முதல் 1939 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட 17 மாதங்கள், அந்தக் கப்பல் விடுமுறைக்குப் போகும் சாதாரண ஜெர்மானியர்களை ஏற்றிக்கொண்டு கடலில் சுற்றியது. அந்தப் பயணிகள் என்ன பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இதை நான் தேடப் போனதற்குக் காரணம் விடுதியில் நடந்த ஒரு சண்டை. (சண்டை என்றால் வாய்ச்சண்டைதான்!) என் அறை நண்பன் ஒருவனுக்கு ஹிட்லர் மேல் ஒரு மயக்கம். "யுத்தத்தை விடுடா. தொழிலாளிக்கு யாரும் செய்யாததைச் செய்தாரு. ஃபேக்டரில வேலை செய்றவனைக் கப்பல்ல டூர் கூட்டிட்டுப் போனாரு. இங்க எவன் செய்வான்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது பொய் இல்லை. கூட்டிக்கொண்டு போனார்கள்தான். சுமார் ஏழு லட்சம் பேர் 1934-க்கும் 1939-க்கும் இடையில் இப்படிக் கடல் சுற்றுலா போயிருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

விடுமுறைக்காகவே கப்பல் விடுவது என்பதை ஜெர்மனியில் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க் நகரத்து யூதர். ஹாம்பர்க்-அமெரிக்கா லைன் என்ற பெரிய கப்பல் கம்பெனியை நடத்தியவர். அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களுக்குக் குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது. கப்பல் சும்மா நின்றால் நஷ்டம். அதனால் 1891 ஜனவரியில் அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலில் 241 பயணிகளை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். அவரும் மனைவியோடு அதில் போனார். பணக்காரர்கள் சும்மா கடலில் சுற்றிவிட்டு வருவதற்குக் காசு கொடுப்பார்களா என்று சிரித்தவர்கள் உண்டு. கொடுத்தார்கள்.

ஆனால் கப்பல் கம்பெனிகளின் உண்மையான வருமானம் பணக்காரர்களிடம் இருந்து வரவில்லை. அடித்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் குடியேறப் போன ஏழைகளிடம் இருந்து வந்தது. 1924-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கியது. பின்னாலேயே 1929-ல் பொருளாதாரச் சரிவு. ஜெர்மன் துறைமுகங்களில் கப்பல்கள் ஆள் இல்லாமல் நின்றன. மாலுமிகளுக்கு வேலை இல்லை. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது நிலைமை இதுதான்.

அந்த வருடம் மே 2-ம் தேதி நாஜிகள் தொழிற்சங்க அலுவலகங்களை எல்லாம் கைப்பற்றினார்கள். தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். சங்கத்தின் பணம், கட்டடம் எல்லாம் ராபர்ட் லை என்பவர் தலைமையில் அமைக்கப்பட்ட ஜெர்மன் தொழிலாளர் முன்னணிக்குப் போனது. வேலைநிறுத்தம் கிடையாது, கூலி பேரம் கிடையாது. அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது? நவம்பர் மாதம் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். 'மகிழ்ச்சியின் மூலம் வலிமை' என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதன் முதல் எழுத்துகளை வைத்து கே.டி.எஃப். என்பார்கள். இத்தாலியில் முசோலினி நடத்திய ஓய்வுநேர அமைப்பைப் பார்த்துச் செய்தது. நாடக டிக்கெட், உடற்பயிற்சி வகுப்பு, மலைக்கு நடைப்பயணம், ரயில் சுற்றுலா, எல்லாவற்றுக்கும் மேலே கப்பல்.

துறைமுகத்தில் சும்மா நின்ற கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். 1934 மே மாதத் தொடக்கத்தில் டிரெஸ்டன், மோன்டே ஒலிவியா என்ற இரண்டு கப்பல்கள் முதல் பயணம் புறப்பட்டன. அடுத்த மாதமே டிரெஸ்டன் நார்வே கரையில் பாறையில் மோதிப் போய்விட்டது, சிலர் இறந்தும் போனார்கள். ஆனாலும் சுற்றுலா நிற்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆல்பர்ட் பாலின் பெயரில் ஒரு பயணிகள் கப்பல் இருந்தது. 1935-ல் நாஜிகள் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஹன்ஸா என்று மாற்றினார்கள். கடல் சுற்றுலாவை ஆரம்பித்தவர் யூதர் என்பது கப்பலின் முகப்பில் எழுதியிருக்கக் கூடாதல்லவா.

அந்தக் காலத்தில் ஜெர்மன் தொழிலாளிக்கு வருடத்தில் கிடைத்த சம்பளத்துடன் கூடிய விடுமுறை மிகவும் குறைவு. நாஜி ஆட்சியில் அது பல தொழில்களில் ஆறு முதல் பன்னிரண்டு நாள் வரை ஆனது. ஐந்தாறு நாள் நார்வே பயணத்துக்குச் சுமார் 50, 60 மார்க். போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா தீவு வரை போகும் நீண்ட பயணத்துக்கு 100 மார்க்குக்கு மேல். ஒரு தொழிலாளியின் மாத வருமானமே சுமார் 120, 130 மார்க்தான். ஆக, நார்வே என்றால் அரை மாதச் சம்பளம். மதெய்ரா என்றால் ஏறக்குறைய முழு மாதச் சம்பளம். வாரம் வாரம் சிறுசேமிப்பு முத்திரை வாங்கி ஒட்டிப் பணம் சேர்த்தார்கள். சில தொழிற்சாலைகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தன. தனியார் கம்பெனியில் போயிருந்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும். அதனால் மலிவு என்பது நிஜம். ஆனால் "இலவசமாகக் கூட்டிட்டுப் போனாரு" என்பது இல்லை!

வாடகைக் கப்பல்களில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பழைய அமைப்பு அப்படியே இருந்தது. ஒரே காசு கொடுத்தவர்களில் ஒருவருக்கு ஜன்னல் உள்ள நல்ல அறை, இன்னொருவருக்கு இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருட்டறை. சண்டை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டு அறை ஒதுக்கினார்கள். பிறகுதான் சொந்தமாகக் கப்பல் கட்டுவது என்று முடிவானது.

அப்படிப் பிறந்ததுதான் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப். ஹாம்பர்க்கில் புளோம் அண்டு ஃபோஸ் தளத்தில் கட்டினார்கள். 1937 மே 5-ம் தேதி ஹிட்லர் முன்னிலையில் தண்ணீரில் இறக்கினார்கள். குஸ்ட்லோஃப் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் நாஜிக் கட்சியை நடத்தியவர். 1936 பிப்ரவரியில் டாவோஸ் நகரத்தில் டேவிட் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற யூத மருத்துவ மாணவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அவருடைய மனைவியை அழைத்துவந்து கப்பலுக்குப் பெயர் சூட்ட வைத்தார்கள். விடுமுறைக் கப்பலுக்குக் கொலையுண்டவர் பெயர்! வேறு எந்த நாட்டிலாவது உல்லாசக் கப்பலுக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா தெரியவில்லை.

கப்பல் 208 மீட்டர் நீளம், 25,484 டன். சுமார் 1,460 பயணிகள், நானூறுக்கும் மேல் பணியாளர்கள். ஒரே வகுப்பு. எல்லா அறைகளும் கடல் பார்த்த அறைகள். இரண்டு பேர் அறை, நான்கு பேர் அறை என்று இரண்டு வகைதான். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் உட்கார்ந்து கடலைப் பார்க்கக் கண்ணாடி போட்ட நீண்ட உலாத் தளம். நாடக அரங்கு, இசைக்கூடம், உடற்பயிற்சிக்கூடம். அடித்தளத்தில் நீச்சல்குளம். ஹிட்லருக்காக மட்டும் ஒரு தனி அறை ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரு நிமிடம் அந்தத் தொழிலாளியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். பெர்லினிலோ லைப்சிக்கிலோ நாலாவது மாடியில், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை உள்ள வீட்டில் இருப்பவர். கடலை வாழ்க்கையில் பார்த்ததில்லை. வெளிநாடு என்றால் பலருக்கு முதல் உலகப் போரில் துப்பாக்கியோடு போன இடம் மட்டும்தான். இப்போது வெள்ளை மேல்சட்டை போட்ட பரிமாறுபவர் வந்து "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று கேட்கிறார். சாய்வு நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். யாரும் வேலை வாங்க மாட்டார்கள். இதை மறக்க முடியுமா?

சரி, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்களா என்றால், அங்கேதான் விஷயம். கப்பல் முழுக்க ஒலிபெருக்கிகள். காலையில் எழுப்புவது, சாப்பிடக் கூப்பிடுவது, இசை, அறிவிப்பு, தலைவர் பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான். ஜெர்மனியில் இனிமேல் தூக்கம் மட்டும்தான் ஒருவரின் சொந்த விஷயம் என்ற பொருளில் ராபர்ட் லை பொதுவில் பேசியிருக்கிறார். பெருமையாகப் பேசியதுதான், கிண்டல் இல்லை. தொழிலாளிக்கு நல்ல விடுமுறை வேண்டும், ஏனென்றால் நரம்பு உறுதியான மக்களை வைத்துத்தான் பெரிய அரசியல் நடத்த முடியும் என்று ஹிட்லர் தன்னிடம் சொன்னதாகவும் லை கூறினார். எதற்காக நரம்பு உறுதி வேண்டும் என்பது 1939-ல் எல்லோருக்கும் புரிந்தது.

இனி முக்கியமான கேள்வி. பயணிகள் நிஜமாக என்ன நினைத்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? மூன்று விதமான சாட்சிகள் இருக்கின்றன.

முதலாவது, அச்சில் வந்தவை. கே.டி.எஃப். பத்திரிகைகளிலும் தொழிற்சாலை இதழ்களிலும் பயணிகள் எழுதிய அனுபவங்கள். எல்லாம் நன்றி, நன்றி, நன்றி. நீலக் கடல், நல்ல சாப்பாடு, தலைவருக்கு வணக்கம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அச்சில் வேறு எதையும் போட்டிருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது வகை சுவாரசியமானது. ஒவ்வொரு பயணத்திலும் கெஸ்டபோ ஆட்களும் எஸ்.எஸ். படையின் உளவுப் பிரிவான எஸ்.டி. ஆட்களும் சாதாரணப் பயணிகளைப் போல ஏறிக்கொள்வார்கள். நம்மோடு சேர்ந்து பீர் குடிப்பார்கள், சீட்டாடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் அறிக்கை எழுதுவார்கள். முன்பு கம்யூனிஸ்டாக இருந்தவர் யாரோடு பேசினார், யார் எப்படி முணுமுணுத்தார் என்று கண்காணிப்பதுதான் வேலை. ஷெல்லி பரனோவ்ஸ்கி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் கே.டி.எஃப். பற்றிய தம் புத்தகத்தில் இந்த அறிக்கைகளை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

அந்த அறிக்கைகளில் பெரிய சதித்திட்டம் ஒன்றும் சிக்கவில்லை. சிக்கியதெல்லாம் மனித சுபாவம்தான்! ஆட்கள் அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள். வடக்கத்திக்காரர்களுக்கும் தெற்கத்திக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் பேச்சை இன்னொருவர் கேலி செய்கிறார். அரசியல் உரை என்றால் நழுவிவிடுகிறார்கள். பெண்கள் கப்பல் பணியாளர்களோடும், கரையில் இத்தாலியர்களோடும் நெருங்கிப் பழகுகிறார்கள். (இனத் தூய்மை பேசிய ஆட்களுக்கு இது எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும்!) எல்லாவற்றையும் விட அவர்களைச் சங்கடப்படுத்தியது வேறு. வகுப்பே இல்லாத கப்பலில் வகுப்பு இருந்தது. கட்சிக்காரர்களும் வசதியானவர்களும் தனியாகக் கூட்டம் சேர்ந்துகொண்டார்கள். நல்ல உடுப்பு இல்லாத தொழிலாளி மாலை நிகழ்ச்சிக்குப் போகக் கூசி ஒதுங்கி நின்றார். ஒரே மாதிரி அறை கட்டிவிடலாம், ஒரே மாதிரி கோட்டு எல்லாரிடமும் இருக்காதே.

கல்யாண வீட்டில் பந்தி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தால் போதும் இல்லையா? அதே கதைதான்.

மூன்றாவது சாட்சி எதிர்த்தரப்பு. தடை செய்யப்பட்ட சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமை நாட்டை விட்டு வெளியேறி முதலில் ப்ராக் நகரத்திலும் பிறகு பாரிஸிலும் இருந்தது. ஜெர்மனிக்குள் இருந்த ரகசியத் தொடர்பாளர்கள் நாட்டு நடப்பை எழுதி அனுப்புவார்கள். 1934 முதல் 1940 வரை அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். பெரிய பயணங்களுக்குத் தொழிலாளி எங்கே போகிறான், கட்சி ஆட்களும் அலுவலக ஊழியர்களும்தானே போகிறார்கள் என்று அதில் வருகிறது. கப்பல் பயணிகளில் ஆலைத் தொழிலாளர்கள் சிறுபான்மைதான், எழுத்தர்களும் தனியாக வரும் வேலை பார்க்கும் பெண்களும் நிறைய என்று இப்போதைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஆனால் அதே அறிக்கைகளில், மனமில்லாமல், இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறார்கள். போய் வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் பேசுகிறார்கள். நம் பழைய தோழர்கள்கூட. "நமக்கு இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லை" என்கிற எண்ணம் பரவுகிறது. இந்த அமைப்பு மக்களுக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. உளவாளிக்குக் கப்பலில் எல்லாரும் ஒன்று என்று எழுத ஆசை. ஆனால் இல்லை என்று எழுதுகிறான். எதிர்க்கட்சிக்காரனுக்கு மக்கள் வெறுக்கிறார்கள் என்று எழுத ஆசை. ஆனால் ரசிக்கிறார்கள் என்று எழுதுகிறான். தனக்குச் சாதகமாக எழுதும்போது அல்ல, தனக்குப் பாதகமானதை எழுதும்போதுதான் சாட்சியை அதிகம் நம்பலாம் என்று எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். அப்படிப் பார்த்தால் இரண்டும் உண்மை. சமத்துவம் இல்லை. சந்தோஷம் இருந்தது.

நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஒத்துக்கற. சந்தோஷமா இருந்தாங்க" என்றான். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். இல்லை என்று சொன்னால் அந்த நாலாவது மாடிக்காரரை நான் அவமானப்படுத்துகிறேன் என்று அர்த்தம். அவர் நடிக்கவில்லை. முதல் தடவையாகக் கடலைப் பார்த்த சந்தோஷம் நிஜம். அதே அரசு ஆரம்பித்த இன்னொரு திட்டத்தில், கார் வாங்கலாம் என்று லட்சக்கணக்கானவர்கள் வாரம் 5 மார்க் கட்டினார்கள். அதுதான் பிறகு ஃபோக்ஸ்வாகன் ஆனது. யுத்தம் வந்ததால் அப்படிக் கட்டியவர் ஒருவருக்கும் அப்போது கார் கிடைக்கவில்லை. கப்பல் அப்படி இல்லை. கப்பல் நிஜமாகவே வந்தது, நிஜமாகவே ஏறினார்கள். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

ஆனால் அந்தச் சந்தோஷத்தின் ஜன்னல் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்றும் பார்க்க வேண்டும். நார்வேக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் கரையில் ஆளை இறக்கவே இல்லை. மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து போகும் நீர்ப்பாதைகளில் மெதுவாகச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். இறக்கினால் அந்நியச் செலாவணி செலவாகும். ஆயுதம் செய்ய மூலப்பொருள் வாங்கவே அந்தப் பணம் வேண்டியிருந்தது. ஆக, பல ஆயிரம் பேருக்கு நார்வே என்பது கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பச்சை மலை மட்டும்தான். அந்த ஊர்க்காரர் ஒருவரோடும் பேசியதில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தபோது அந்த ராணுவத்தில் எத்தனை பேர் அந்த மலைகளை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

லிஸ்பன், மதெய்ரா, நேப்பிள்ஸ் போன்ற இடங்களில் இறங்க விட்டார்கள். கைச்செலவுக்குச் சொற்பப் பணம்தான் அனுமதி. வழிகாட்டியோடு கூட்டமாகப் போய்வர வேண்டும். அங்கே பயணிகள் பார்த்ததும் எழுதியதும் என்ன தெரியுமா? தேவாலயங்களும் சிற்பங்களும் இரண்டாம் பட்சம். வெறுங்காலோடு பிச்சை கேட்ட குழந்தைகள், அழுக்குச் சந்துகள், குடிசைகள். "நம் நாட்டில் இப்படி இல்லையே" என்ற பெருமூச்சு. மற்ற நாட்டுத் தொழிலாளியைப் பார்த்தால் தோழமை வரும் என்று பழைய தொழிற்சங்கத்துக்காரர்கள் நம்பினார்கள். இங்கே வந்ததோ, நல்லவேளை நாம் ஜெர்மானியராகப் பிறந்தோம் என்ற எண்ணம். அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கப்பலை அந்தத் துறைமுகத்தில் நிறுத்தினால் போதும். நேப்பிள்ஸின் பணக்காரத் தெருவில் அவர்களை விட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்?

குஸ்ட்லோஃப் கப்பலின் முதல் பயணங்களே அரசியல்தான். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அதே மாதம் 24-ம் தேதி கப்பலின் முன்னோட்டப் பயணத்தில் ஆஸ்திரியர்களை ஏற்றி வட கடலில் சுற்றிக் காட்டினார்கள். ஏப்ரல் 10-ம் தேதி இணைப்புக்கு மக்கள் வாக்கெடுப்பு நடக்க இருந்தது. அந்த நாளில் கப்பல் லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரி துறைமுகத்துக்குப் போனது. இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மானியர், ஆஸ்திரியர் இரண்டாயிரம் பேர் அளவில் கப்பலில் ஏறி, கடலில் வைத்து ஓட்டுப் போட்டுவிட்டு இறங்கினார்கள். மிகச் சிலரைத் தவிர எல்லாம் ஆதரவு. ஓட்டுச்சாவடியாக உல்லாசக் கப்பல்! அதற்கு ஆறு நாள் முன்பு, ஏப்ரல் 4-ம் தேதி, புயலில் மூழ்கிக்கொண்டிருந்த பெகவே என்ற ஆங்கிலேயச் சரக்குக் கப்பலில் இருந்து 19 பேரை இதே குஸ்ட்லோஃப் காப்பாற்றியது. அதை நடத்திய கேப்டன் கார்ல் லூபே அடுத்த சில வாரங்களில், மதெய்ராவுக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்துபோனார். 1939 மே மாதம் பயணிகளுக்குப் பதிலாக, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்காகச் சண்டை போட்ட காண்டர் லெஜியன் வீரர்களை ஊருக்கு ஏற்றிவந்தது.

அதே மே மாதம் 13-ம் தேதி ஹாம்பர்க்கில் இருந்து இன்னொரு கப்பல் புறப்பட்டது. செயின்ட் லூயிஸ். அதில் 937 பேர், அநேகமாக எல்லோரும் யூதர்கள். கே.டி.எஃப். கப்பலில் யூதர்கள் ஏற முடியாது. இவர்கள் சுற்றுலா போகவில்லை, உயிர் தப்பிக் கியூபாவுக்குப் போனார்கள். கேப்டன் குஸ்டவ் ஷ்ரோடர் இவர்களைச் சாதாரணச் சுற்றுலாப் பயணிகளைப் போல மரியாதையாக நடத்தவேண்டும் என்று பணியாளர்களுக்கு உத்தரவு போட்டார். நடனம், சினிமா, குழந்தைகளுக்கு நீச்சல் என்று எல்லாம் இருந்தது. பிழைத்தவர்களில் சிலர் அந்தப் பதினான்கு நாளை வாழ்க்கையின் சந்தோஷமான நாட்கள் என்றே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஹவானாவில் சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. அமெரிக்காவும் விடவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் கொலைக்குப் பலியானார்கள். நண்பனிடம் நான் சொல்ல நினைத்ததை இந்தக் கப்பல் என்னைவிட நன்றாகச் சொல்கிறது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரெண்டும் ஒரே மாசமாடா?" என்று மட்டும் கேட்டான்.

1939 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சுற்றுலாக்கள் நின்றன. செப்டம்பரில் குஸ்ட்லோஃப் மருத்துவக் கப்பல் ஆனது. அடுத்த வருடம் போலந்தின் கிடினியா துறைமுகத்தில் நிறுத்தி, நீர்மூழ்கிக் கப்பல் பயிற்சி வீரர்கள் தங்கும் விடுதியாக்கினார்கள். நாலு வருடம் அங்கேயே நின்றது. ராபர்ட் லை 1945 அக்டோபரில் நியூரம்பெர்க் சிறையில் விசாரணைக்கு முன்பே தூக்குப் போட்டுக்கொண்டார்.

1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது அகதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் மறுபடியும் கடலுக்குப் போனது. சுமார் 1,460 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் பத்தாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். ஜனவரி 30. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த நாள். அன்று ஒலிபெருக்கியில் அவர் பேச்சு ஒலிபரப்பானது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் எஸ்-13 மூன்று டார்பிடோக்களைச் செலுத்தியது. அடித்தளத்து நீச்சல்குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு, கடற்படையில் வேலை பார்த்த இளம்பெண்களைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு டார்பிடோ அந்த இடத்திலேயே வெடித்தது. கடலைப் பார்ப்பதற்காகப் போட்ட உலாத் தளத்துக் கண்ணாடிகளை உடைக்க முடியாமல் உள்ளேயே பலர் மாட்டிக்கொண்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். பிழைத்தவர்கள் சுமார் 1,250 பேர். இறந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஹைன்ஸ் ஷோன். அன்று அந்தக் கப்பலில் கணக்கு அலுவலகத்தில் உதவியாளராக இருந்த பதினெட்டு வயதுப் பையன். தப்பித்தவர்களில் ஒருவர். வாழ்நாள் முழுக்கப் பெயர்ப் பட்டியல்களையும் தப்பியவர்களின் வாக்குமூலங்களையும் சேகரித்தார். மூழ்கியதைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. அந்தப் பழைய விடுமுறைப் பயணங்களைப் பற்றியும், சாய்வு நாற்காலியில் சிரித்துக்கொண்டு படுத்திருக்கும் அந்தப் பயணிகளைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். 2013-ல் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்திக் கலசத்தை நீர்மூழ்கி வீரர்கள் பால்டிக் கடலின் அடியில் அந்தக் கப்பலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.